வலங்கைமான் சேற்றில் விட்ட சப்பாத்து

விமானத்தில் தந்த பழரசத்தை நான் குடித்து முடிக்கவில்லை, அதற்குள் இந்தியா வந்துவிட்டது. பணிப்பெண் வந்து பாதிக் கோப்பையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனாள். எங்கள் ஊரிலிருந்து கொழும்புக்குப் போக ஓர் இரவு முழுவதும் பஸ்ஸில் குலுங்க வேண்டும். கடலைத் தாண்டி இன்னொரு நாட்டுக்குப் போக ஒரு கோப்பை பழரசம் முடியும் நேரம்கூட ஆகவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் கை தட்ட வேண்டும் போல இருந்தது. பக்கத்து இருக்கையில் குசுமா அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, புத்தரை வேண்டிப் பிரித் ஓதிக்கொண்டிருந்தார். “வந்துவிட்டோம் அக்கா” என்று உலுக்கினேன். “சக்கரம் நிலத்தில் படட்டும், பிறகு சொல்” என்றார் சிங்களத்தில், கண்ணைத் திறக்காமலே.

எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் தவம், முல்லைத்தீவுப் பக்கம் ஒரு தமிழ்க் கிராமம். யுத்தம் முடிந்த பிறகு மிதிவெடி அகற்றும் வேலைக்குச் சேர்ந்து, அதிலேயே பல வருடங்களாக முழங்கால் தேய்ந்தவள். குசுமா அக்கா எங்கள் ஊருக்கு அடுத்த சிங்களக் கிராமம். அவருடைய கணவர் இராணுவத்தில் இருந்தார், திரும்பி வரவில்லை. என் அண்ணன் இயக்கத்தில் இருந்தான், அவனும் திரும்பி வரவில்லை. இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு வயல்வெளி. இரண்டு ஊருக்கும் ஒரே குளம். அந்த வெளி முழுவதும் வெடி புதைந்து கிடந்ததால், ஒரு தலைமுறையே அதை வேலிக்கு வெளியே நின்று பார்த்து வளர்ந்தது.

போன வருடம் அதைச் சுத்தம் செய்து முடித்தோம். இரண்டு ஊர்ப் பெண்களும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். பெரும்போகத்துக்கு அந்த வெளியைச் சேர்ந்து செய்தால் நடவு இயந்திரம் ஒன்று தருகிறோம் என்று ஒரு தொண்டு நிறுவனத்தார் சொல்லியிருந்தார்கள். அதை ஓட்டப் பழக ஊருக்கு ஒருத்தியாக எங்கள் இருவரையும் தஞ்சாவூர்ப் பக்கம் அனுப்பினார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வயலில் இறங்க ஆள் இல்லை.

எல்லோரும் வசந்தாவைப் பார்த்தார்கள். வசந்தா என்னோடு படித்தவள். வெளியின் நடுத்துண்டு அவளுடையது. விறகு பொறுக்கப் போய் அதே வெளியில்தான் இடது காலை இழந்தாள். அவள் இறங்கினால் நாங்களும் இறங்குகிறோம் என்று எங்கள் ஊர்ப் பெண்கள் சொன்னார்கள். குசுமா அக்காவின் ஊரிலும் அதையேதான் சொன்னார்கள். நான் போய் வசந்தாவிடம் நிலம் சுத்தம் என்றேன். அவள் என் காலைப் பார்த்தாள்.

“நீ தோண்டின நிலந்தானே தவம்? அப்ப சப்பாத்தைக் கழட்டிப்போட்டு நீ இறங்கு. நான் பின்னால வாறன்.”

நிலம் சுத்தம் என்று கையெழுத்துப் போட்டது என் கைதான். கால் கேட்கவில்லை. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் வீட்டு முற்றத்தைத் தவிர வேறு எந்த மண்ணிலும் வெறுங்காலோடு நின்றதில்லை. இந்தியாவுக்கும் அந்த முழங்கால் சப்பாத்தைப் பொதி செய்து கொண்டுவந்திருந்தேன்.

தஞ்சாவூரில் முதல் வேலையாகப் பெரிய கோயிலுக்குப் போனோம். கோபுரத்தை அண்ணாந்து பார்த்துப் பார்த்து எனக்குப் பிடரி நோகிறது, ஆனால் தலையை இறக்க மனம் இல்லை. செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள். கருங்கல் தளம் என்பதால் சந்தோஷமாகக் கழற்றினேன். கல்லுக்குள் யாரும் எதையும் புதைக்க முடியாது. வெயிலில் கொதித்த கல்லில் நாங்கள் இருவரும் துள்ளித் துள்ளி ஓடியதைப் பார்த்து ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக் கூட்டமே சிரித்தது.

நிழலில் உட்கார்ந்ததும் குசுமா அக்கா சொன்னார்: “இதைக் கட்டிய அரசனைப் பற்றி எங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் தலைநகரை எரித்தவன்.”

“எங்கட பக்கம் வேற மாதிரிச் சொல்லுவினம்” என்றேன்.

அவர் கோபுரத்தைப் பார்த்தபடியே கேட்டார்: “அவன் படையில் கப்பலேறிப் போனவர்களின் பெண்சாதிகள் இங்கேதான் எங்கேயாவது இருந்திருப்பார்கள், இல்லையா? யாராவது வந்து அவர்களுக்குச் செய்தி சொல்லியிருப்பார்களா?”

எனக்குத் தெரியவில்லை என்றேன். இத்தனை பெரிய கோயிலில் அதைப் பற்றி எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று ஒரு வழிகாட்டியைப் பிடித்துக் கேட்டார் குசுமா அக்கா, நான் மொழிபெயர்த்தேன். அந்த மனிதர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, நந்தி எத்தனை பெரியது என்று சொல்லத் தொடங்கினார்.

மறுநாள் கும்பகோணம். காலையில் இட்லிக்குக் கடப்பா என்று ஒன்றை ஊற்றினார்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சோம்பு வாசமும். நான் அதைக் குடித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். குசுமா அக்காவுக்கு உறைப்புப் போதவில்லை. கைப்பையிலிருந்து லுணுமிரிஸ் போத்தலை எடுத்து, மிளகாயும் உப்பும் வெங்காயமும் இடித்த அந்தச் சிவப்புச் சம்பலை இட்லி மேல் அப்பினார். பரிமாறியவர் கண்ணை விரித்துப் பார்த்தார். “ஒரு கை குடுங்க, பாப்போம்” என்று வாங்கி வாயில் போட்டவர், ஒரு முழுச் செம்புத் தண்ணீரைக் குடித்த பிறகே பேசினார். “எந்த ஊரும்மா நீங்க?”

நான் வாயைத் திறந்தால் போதும், “மலையாளமா?” என்கிறார்கள். பிறந்ததிலிருந்து இந்தத் தமிழுக்காகப் பட்ட பாடு எவ்வளவு! எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். குசுமா அக்காவோ ஒரு முழம் மல்லிகை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, வாய் திறக்காமல் புன்னகை செய்தபடி நடக்கிறார். அவரிடம்தான் எல்லோரும் வழி கேட்கிறார்கள். கடைசியில் ஒரு பெரியம்மா அவரிடமே வந்து, “இந்தப் பொண்ணுக்குத் தமிழ் தெரியாதாம்மா, நீங்களாச்சும் சொல்லுங்க” என்று என்னைக் காட்டினார். குசுமா அக்கா பெருந்தன்மையோடு தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வலங்கைமான் போகும் டவுன் பஸ்ஸில் குசுமா அக்கா பணத்தை நீட்டினார். நடத்துனர் வாங்கவில்லை.

“வேணாம்மா, வெச்சுக்கங்க. லேடீஸுக்கு ஃப்ரீ.”

குசுமா அக்காவின் முகம் இறுகிவிட்டது. என் காதருகே குனிந்து கேட்டார்: “நாங்கள் யுத்தத்தில் பாதிக்கப்பட்டவர்கள் என்று இந்த ஆளுக்கு யார் சொன்னது?”

எனக்கு வந்த சிரிப்பில் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் பக்கத்தில் யாராவது எதையாவது சும்மா தந்தால் முதலில் கதை கேட்பார்கள், பிறகு வரிசையில் நிறுத்திப் படம் எடுப்பார்கள், அதன் பிறகுதான் பொருள் கைக்கு வரும். இங்கே கல்லூரிப் பிள்ளை, மீன் கூடைக்காரர், பட்டுச்சேலைக்காரர், நாங்கள், எல்லோருக்கும் ஒரே இலவசச் சீட்டு. பெண்ணாக இருந்தால் போதுமாம். நான் விளக்கிச் சொன்னதும் குசுமா அக்கா சீட்டைத் தடவிப் பார்த்துப் பர்ஸுக்குள் வைத்தார். “படம் எடுக்கவில்லையே” என்று வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பஸ் ஜன்னலில் கண்ட காட்சியை எப்படிச் சொல்வது! ஒரு வயலில் பொன்னாக விளைந்து அறுக்கிறார்கள், அதற்கு அடுத்த வயலில் பச்சையாக நடுகிறார்கள். குறுவை முடிகிறதாம், தாளடி தொடங்குகிறதாம். எங்கள் ஊரில் வானத்தைப் பார்த்து ஒரு போகம், குளம் மனம் வைத்தால் இன்னொன்று. இங்கே முடிவும் தொடக்கமும் ஒரே வரம்பின் இரண்டு பக்கம். ரோட்டின் பாதியில் நெல் காய்கிறது, மீதியில் பஸ் போகிறது.

அப்படிப் போன பஸ், எதிரே வந்த அறுவடை இயந்திர லாரிக்கு வழிவிட ஒதுங்கி, ஈரமான ஓரத்தில் பின்சக்கரத்தைப் புதைத்துக்கொண்டது. எல்லோரும் இறங்கினோம். சனம் முழுவதும் வாய்க்கால் கரையில் புல்லில் போய் உட்கார்ந்துவிட்டது. ஒரு பெண் முந்தானையை விரித்துக் கடலை உடைக்கத் தொடங்கினார். எங்கள் இருவரைத் தவிர. நாங்கள் தார் ரோட்டின் நடுவில், வெயிலில், இரண்டு மைல்கற்களைப் போல நின்றோம்.

“ஏம்மா நடு ரோட்டுல நிக்கிறீங்க? நெழலுக்கு வாங்க” என்று கடலைக்காரப் பெண் கூப்பிட்டார்.

“இருக்கட்டும், இருக்கட்டும்” என்றேன். தாரை விட்டு இறங்காதே என்று எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு நடை பழக்கும்போதே சொல்லிக் கொடுத்தோம். குசுமா அக்காவின் ஊரிலும் அதே பாடம், சிங்களத்தில். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். மற்றவர் முதலில் இறங்குவார் என்று இருவரும் காத்திருந்தோம். பஸ்ஸைத் தள்ளி ஏற்றும் வரை யாரும் இறங்கவில்லை.

எங்களுக்கு மெஷின் ஓட்டப் பழக்கப்போகும் மல்லிகா வலங்கைமான் தாண்டி ஒரு சிற்றூரில் இருக்கிறார். அவருடைய அம்மா காலத்தில் பண்ணையாரின் வயலில் கூலிக்கு நட்ட குடும்பம். இவர் இன்று குத்தகைக்கு நிலம் எடுத்து, கணவர் குவைத்திலிருந்து அனுப்பியதையும் வங்கிக் கடனையும் போட்டு நடவு மெஷின் வாங்கி, சுற்றுவட்டாரமெல்லாம் வாடகைக்கு ஓட்டுகிறார். சத்தமான பெண், சத்தமான சிரிப்பு. எங்களைக் கண்டதும், “வாங்க, வாங்க! கப்பல்ல வந்தீங்களா, ப்ளேன்லயா? மொதல்ல சாப்புடுங்க, அப்புறம் பேசுங்க” என்று உள்ளே இழுத்துப் போனார். பத்து நிமிடத்தில் எனக்கு அவரை நெடுநாள் தெரிந்தது போல ஆகிவிட்டது.

அடுத்த நாள் காலை வயலுக்குப் போனோம். பாய் நாற்றங்கால் என்கிறார்கள். நாற்றுகள் உண்மையிலேயே பாயாக வளர்ந்திருக்கின்றன. சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அந்தப் பாயை மெஷினின் முதுகில் வைத்தால், அது பிய்த்துப் பிய்த்து வரிசையாக ஊன்றிக்கொண்டு போகிறது. நான் பார்த்த முதல் நிமிடத்திலேயே அதன் மேல் காதல் கொண்டேன்.

ஆனால் முதலில் மெஷினிடம் போக வேண்டுமே. நான் என் முழங்கால் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வரம்பில் நின்றேன். மல்லிகா இடுப்பில் கை வைத்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“என்னங்க இது? பூட்ஸ் போட்டுக்கிட்டு வயல்ல எறங்குறதா? சேறு உள்ள இழுத்துடுமே!”

“பழக்கம்” என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. கடைசியில் வரம்பிலிருந்து மெஷினுக்கு ஒரு பலகையைப் போட்டு, அதில் நடந்து போய் இருக்கையில் ஏறினேன். “மாப்ள குதிரையில ஏறுறாரு, வழி விடுங்க” என்று பக்கத்து வயலில் கையால் நட்டுக்கொண்டிருந்த பெண்கள் கூவினார்கள். அவர்களுக்குத் தலைவி செல்வி என்பவர். குனிந்த இடுப்பு நிமிராமல் கேலி செய்ய அவருக்குத்தான் வரும். எனக்குக் கவலையில்லை. நான் ஓட்டினேன்! அன்று முழுவதும் சேற்றில் கால் படாமலே வரிசை வரிசையாக நட்டேன். முதல் இரண்டு வரிசை மப்பில் நடந்தவன் தடம் போல வளைந்தது. மூன்றாவது நேராக வந்தபோது நான் போட்ட சத்தத்தில் கொக்குகள் எழுந்து பறந்தன.

குசுமா அக்கா சேற்றில் இறங்கினார். ஆனால் எப்படி? மல்லிகா கால் எடுத்த இடத்தில் தன் காலை வைத்து, அவர் நின்றால் நின்று, திரும்பினால் திரும்பி. “என் நெழல் மாரி வர்றாங்களே இந்தக்கா” என்று மல்லிகாவுக்கு ஒரே ஆச்சரியம். எனக்கு ஆச்சரியமில்லை. எல்லைக் கிராமத்தில் முப்பது வருடம் அப்படித்தான் விறகுக்குப் போனார்கள், தண்ணீருக்குப் போனார்கள், பிள்ளை பெறவும் போனார்கள்.

அதற்கு அடுத்த நாள்தான் அது நடந்தது.

மல்லிகா எங்களை வேறொரு வயலுக்குக் கூட்டிப்போனார். பெரிய வயல், நன்றாகச் சேறடித்துத் தண்ணீர் கட்டியிருந்தது. நான் பலகை போட்டு மெஷினில் ஏறிவிட்டேன். மல்லிகா வரம்பில் நின்று நாற்றுப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். குசுமா அக்காவுக்கு முதல் நாள் பழக்கத்தில் கொஞ்சம் துணிச்சல் வந்திருந்தது. ஒரு சுருள் நாற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, யாருடைய தடமும் இல்லாமல், தனியாக நடு வயலுக்குள் நடக்கத் தொடங்கினார். நான் அவரைப் பார்த்து மகிழ்ந்துகொண்டே மெஷினைத் திருப்பினேன். அப்போது கண்டேன். அவருக்கு முன்னால், எட்டிப் பிடிக்கும் தூரத்தில், தண்ணீருக்கு மேலே ஒரு குச்சி. அதன் தலையில் சிவப்பு.

எங்கள் வேலையில் வெள்ளைத் தலைக் குச்சி என்றால் சுத்தம், நடக்கலாம். சிவப்புத் தலைக் குச்சி என்றால் அதற்கு அப்பால் கால் வைக்காதே. இது நான் படித்த பாடம் அல்ல, எலும்பில் இருக்கிறது.

“நில்லுங்கோ!” என்று கத்தினேன். “ஒருத்தரும் அசையாதேங்கோ! அக்கா, காலை எடுக்காதேங்கோ!”

குசுமா அக்கா அப்படியே நின்றார், ஒரு கால் சேற்றில், ஒரு கால் அந்தரத்தில். நாற்றுச் சுருள் தோளிலிருந்து நழுவி விழுந்தது, அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. அன்றும் பக்கத்து வயலிலேயே நட்டுக்கொண்டிருந்த செல்வியின் ஆட்கள் அத்தனை பேரும் குனிந்தபடி உறைந்தார்கள். “பாம்பா?” என்று யாரோ கேட்டார்கள். “ஏண்டி, பாம்பாடி?” என்று இன்னொரு குரல். ஒருத்தி வீலென்று அலறினாள்.

மல்லிகா வரம்பிலிருந்து கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். “அது கல்லுங்க! எல்லைக் கல்லு! ஒண்ணுமில்ல, எல்லைக் கல்லு!”

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தச் சொற்கள் எனக்குள் போயின. அது இரண்டு குடும்பத்தின் நிலமாம். மெஷினுக்கு வளைந்து திரும்ப இடம் வேண்டும் என்று நடு வரம்பை வெட்டி எடுத்து ஒரே வயலாக்கிவிட்டார்கள். அளந்து நட்ட கல் மட்டும் தண்ணீருக்குள் இருக்கிறது. மெஷின் அதில் ஏறிவிடாமல் இருக்க, ஒரு குச்சியை ஊன்றி, பழைய சேலையின் சிவப்புக் கரையைக் கிழித்துக் கட்டியிருக்கிறார்கள்.

அப்போதுதான் நான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்தேன். மெஷின் தொலைவில் தானாக உறுமிக்கொண்டிருந்தது. என் சப்பாத்து ஒன்று பாதி வழியில் வாயைத் திறந்துகொண்டு சேற்றில் நின்றது. மற்றது இருந்த இடமே தெரியவில்லை. நான் குசுமா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வரை சேற்றில், வெறுங்காலோடு நிற்கிறேன். எல்லோரையும் நில் என்று கத்தியவள், நான் மட்டும் ஓடியிருக்கிறேன். இந்த வேலையில் முதல் நாளில் சொல்லித் தருவது ஓடாதே என்பதைத்தான். என் கீழே வேலை செய்த பெண் ஒருத்தி இப்படிச் செய்திருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

குசுமா அக்கா மெதுவாக அந்தரத்தில் இருந்த காலை இறக்கினார். என் காலைப் பார்த்தார். “நங்கி” என்றார். தங்கை என்று அர்த்தம். “உன் சப்பாத்து எங்கே?”

எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. சேறு விரல்களுக்கு நடுவே பிதுங்கி ஏறியது. குளிர்ச்சியாக, மெத்தென்று, கொஞ்சம் கூசிக்கொண்டு. இவ்வளவு காலமும் இதையா விட்டிருந்தேன் என்று இருந்தது.

மதியம் வரம்பில் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். தூக்குவாளிகளில் சோறும் கருவாட்டுக் குழம்பும். கருவாட்டைக் கண்டதும் குசுமா அக்கா, “கரவல! கரவல!” என்று பிள்ளை மாதிரிக் குதூகலித்தார். சிங்களத்திலும் கிட்டத்தட்ட அதே பெயர். அவர்களுக்கு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னேன், வெளியை, வேலையை, வசந்தாவை. யாரும் வாயில் சோறு வைக்கவில்லை.

“யாருங்க வெச்சது?” என்று செல்வி கேட்டார்.

நான் குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தேன். குசுமா அக்கா தன் உடைந்த தமிழில் பதில் சொன்னார். “என்ட மனுசன் ஆட்கள். இவங்கட அண்ணன் ஆட்கள். ரெண்டு ஆட்களும்.”

“எங்கெங்க வெச்சாங்கன்னு தெரியாதா?”

“வெச்ச ஆட்கள் இல்லை. செத்துப் போச்சு.”

செல்வி யோசிக்காமல் சொன்னார்: “எங்க வூட்டு ஆளும் அப்புடித்தான். எதையாச்சும் வெப்பாரு, வெச்ச எடத்தை மறந்துடுவாரு.” சொன்ன பிறகுதான் அது என்ன பேச்சு என்று அவருக்கே உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். மல்லிகா அவர் தொடையில் ஓங்கி ஒன்று வைத்தார். குசுமா அக்காவுக்கு நான் மொழிபெயர்க்கவே இல்லை, அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு நொடி தலை குனிந்திருந்தவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கத் தொடங்கினார். “உண்மை, உண்மை” என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தார். “கத்தரிக்கோலைக்கூட எங்கே வைத்தோம் என்று அந்த மனிதருக்கு நினைவிருந்ததில்லை.” கணவரைப் பற்றி அவர் சிரித்துப் பேசி நான் அன்றுதான் கேட்டேன். பிறகு எல்லோரும் சிரித்தோம். செல்வி தன் பங்குக் கருவாட்டை எடுத்துக் குசுமா அக்காவின் சோற்றில் வைத்தார்.

“எல்லாம் எடுத்தாச்சுல்ல? அப்புறம் அந்தம்மா ஏன் எறங்கல?” என்று மல்லிகா என்னிடம் கேட்டார். “போன் போடுங்க. உங்க காலைக் காட்டுங்க!”

எனக்கு உற்சாகம் தலைக்கேறியது. அங்கேயே, சேற்றில் நின்றுகொண்டு, வீடியோவில் வசந்தாவைக் கூப்பிட்டேன். பின்னால் அத்தனை பெண்களும் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள். போனைக் கீழே பிடித்து என் கால்களைக் காட்டினேன். சேற்றிலிருந்து ஒன்றை உருவி விரல்களை ஆட்டியும் காட்டினேன்.

“பார்! வெறுங்கால்! வசந்தா, பார்!”

வசந்தா பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“அது இந்தியாச் சேறு தவம்” என்றாள். “அங்கத்தையச் சேத்தில நானும்தான் வெறுங்காலோட நிப்பன்.”

போனை வைத்துவிட்டாள். அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும், அதனால்தான் அவ்வளவு வலித்தது. செல்வி மட்டும், “அவங்க சொல்றது நாயந்தானே? அவங்க வயல்ல எறங்கிக் காட்டுங்க” என்றார். பிறகு எல்லோரும் வேலைக்குப் போனோம். மீதி நாட்கள் முழுவதும் நான் சப்பாத்தைத் தேடவில்லை. ஒன்று கிடைத்ததாம், மல்லிகா அதில் ரோஜாச் செடி வைக்கப் போவதாகச் சொன்னார்.

ஊருக்குத் திரும்பியபோது மழை தொடங்கியிருந்தது. உழவு இயந்திரக்காரர் ஆசனத்தை விட்டு இறங்காமலே வெளியை உழுது சேறடித்துவிட்டுப் போயிருந்தார். அதைக் காட்டி, பயமில்லை என்று பார்த்தாயா என்று கேட்டவர்களிடம், “சில்லுக்கு நோகாது” என்று சக்கரத் தடத்தைக் காட்டி வசந்தா சொல்லியிருக்கிறாள்.

நடவுக்குக் குறித்த காலையில் இரண்டு ஊர்ப் பெண்களும் வந்தார்கள். எங்களவர்கள் ஒரு வரம்பில், அவர்கள் எதிர் வரம்பில். நடுவில் தண்ணீர் கட்டிய வயல். வசந்தா ஊன்றுகோலோடு எங்கள் பக்கம் நின்றாள். நான் செருப்பைக் கழற்றினேன். வலங்கைமானில் இருந்த துணிச்சலில் பாதிகூட அப்போது என்னிடம் இல்லை. இந்த மண்ணின் ஒவ்வொரு சாணையும் என் கையால் தடவியவள் நான். எந்த இடத்தில் எதை எடுத்தேன் என்று எனக்குத் தெரியும். அதுதான் தொல்லை.

இறங்கினேன். எதிர் வரம்பிலிருந்து குசுமா அக்கா இறங்கினார். இரண்டு பேரும் வயலைக் குறுக்காக நடந்தோம். அவர் என் தடத்தில் கால் வைக்கவில்லை, நானும் அவர் தடத்தைத் தேடவில்லை. நடுவில் சந்தித்தோம். இருவரும் வசந்தாவைப் பார்த்தோம்.

அவள் ஊன்றுகோலை வரம்பில் குத்தி வைத்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் இறங்கினாள். நல்ல காலை முதலில் வைத்தாள், அடுத்துப் பொய்க்காலை வைத்தாள். மூன்று நான்கு அடி வந்திருப்பாள். பொய்க்கால் சேற்றில் முழங்கால் வரை புதைந்து, அப்படியே மாட்டிக்கொண்டது. அவள் இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்தாள்.

இரண்டு வரம்பிலும் எல்லோரும் சிலையாக நின்றார்கள். அந்த வெளியில் ஒருத்தி சாய்ந்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான்கூட நின்றுவிட்டேன்.

வசந்தா தலையை நிமிர்த்தி எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

“என்ன வாய் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? விழப்போறன்! வந்து இழுங்கோவன்!”

எதிர் வரம்பில் நின்றவர்களுக்கு அவள் தமிழ் புரிந்ததோ இல்லையோ, எல்லாப் பக்கமிருந்தும் தண்ணீர் தெறித்தது. யார் எங்கே கால் வைத்தார்கள் என்று யாருமே பார்க்கவில்லை. ஒருத்தி அவள் இடுப்பைப் பிடித்தாள், இரண்டு பேர் தோளைத் தாங்கினார்கள், குசுமா அக்கா சேற்றுக்குள் கையை விட்டுப் பொய்க்காலின் குதியைப் பிடித்துத் தள்ளினார். சிங்களத்தில் ஒருத்தி எண்ணினாள், தமிழில் ஒருத்தி திட்டினாள். கால் பொளக்கென்று வெளியே வந்தது. நாங்கள் மொத்தமாகப் பின்னால் சரிந்து, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, சேற்றை வாயிலிருந்து துப்பிக்கொண்டே எழுந்து நின்று பார்த்தோம். இரண்டு வரம்பிலும் ஒருத்தரும் இல்லை.